குற்றம், சிறை, மறுபடியும் குற்றம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செய்தியில் ஒரு கொலையோ வழிப்பறியோ வந்துவிட்டால் போதும், அதே கேள்விகள் வரிசையாக வரும். தண்டனை போதவில்லையா, ஜெயிலில் போட்டும் ஏன் திருந்தவில்லை, சின்ன வயதிலேயே தடுத்திருக்க முடியாதா? அவற்றை ஒரே இடத்தில் வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நடந்து முடிந்த குற்றத்துக்கான தண்டனையை இன்னும் இரண்டு வருடம் நீட்டுவதைவிட, அடுத்த குற்றம் நடப்பதற்கு முன்னால் அந்த ஆளிடம் போய்ச் சேர்வதுதான் அதிகம் பேரைக் காப்பாற்றும். அந்த "முன்னால்" தொட்டில் பருவமாக இருக்கலாம், பதினாறு வயதாக இருக்கலாம், சிறைக் கதவு திறக்கும் நாளாகவும் இருக்கலாம்.

குற்றங்கள் கூடிக்கொண்டேதானே போகின்றன?

எந்தக் குற்றம், எந்த நாடு, எந்தக் காலம் என்று கேட்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. அமெரிக்காவில் வன்முறைக் குற்றங்கள் 1990-களின் தொடக்கத்தில் உச்சத்தில் இருந்தன, 2010-களின் நடுவில் பார்த்தால் ஏறக்குறைய பாதியாகிவிட்டன. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மக்களிடம் வீடு வீடாகக் கேட்டு எடுக்கும் கணக்கெடுப்பில் 1995-தான் உச்சம், அதன் பிறகு திருட்டும் அடிதடியும் வெகுவாக இறங்கின. ஆனால் கோடு எப்போதும் கீழே மட்டும் போவதில்லை. 2020-இல் அமெரிக்காவில் கொலைகள் ஒரே வருடத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் கூடின, பிறகு சில வருடங்களில் மறுபடி இறங்கின. இன்னொரு பக்கம் இணையம் வழியாகவும் போன் வழியாகவும் நடக்கிற பண மோசடி பெருகிவிட்டது, கதவை உடைக்காமலே வீட்டுக்குள் வந்துவிடுகிறான் திருடன்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். போலீஸ் பதிவு செய்த வழக்குகளின் எண்ணிக்கையும் உண்மையில் நடந்த குற்றங்களின் எண்ணிக்கையும் ஒன்றல்ல. பாலியல் குற்றங்களைப் பற்றிப் புகார் கொடுக்கப் பெண்களுக்குத் தைரியம் வந்தால் பதிவு ஏறும், அந்த ஏற்றம் நல்ல செய்தியாகக்கூட இருக்கலாம். பதிவே செய்யாமல் திருப்பி அனுப்பும் ஸ்டேஷனில் கணக்கு எப்போதும் அழகாகத்தான் இருக்கும். அதனால் நம்புவதற்குக் கொஞ்சம் பாதுகாப்பான எண் கொலைக் கணக்குதான், ஏனென்றால் பிணத்தை மறைப்பது கஷ்டம்.

அவ்வளவு பெரிய இறக்கத்துக்கு என்ன காரணம்? நிறையப் பேரை உள்ளே போட்டதுதானே?

அதுவும் ஒரு பங்கு, ஆனால் அதை மட்டும் சொன்னால் கணக்கு இடிக்கிறது. அமெரிக்கா சிறைகளை நிரப்பியது உண்மை: 2008 வாக்கில் அங்கே சுமார் 23 லட்சம் பேர் கம்பிக்குப் பின்னால் இருந்தார்கள். பக்கத்து நாடான கனடா அப்படி நிரப்பவில்லை, அங்கேயும் 1990-களில் குற்றம் ஏறக்குறைய அதே வேகத்தில் குறைந்தது. ஃபின்லாந்து இன்னும் நல்ல உதாரணம். 1950-களில் அண்டை நாடுகளைவிடப் பல மடங்கு பேரைச் சிறையில் வைத்திருந்த நாடு அது, அடுத்த நாற்பது வருடங்களில் அந்த விகிதம் மூன்றில் ஒரு பங்காக ஆகும்வரை திட்டமிட்டே குறைத்தது, ஆனாலும் அங்கே குற்றம் ஏறி இறங்கிய விதம் அண்டை நாடுகளைப் போலவேதான் இருந்தது. சிறை விகிதம் ஒரு பாதையில் போயிருக்கிறது, குற்றம் தன் பாதையில் போயிருக்கிறது.

மற்ற காரணங்களில் சில சாதாரணமானவை, பேசப்படாதவை. ஐரோப்பாவில் 1990-களின் கடைசியில் புதுக் கார்களில் சரியான சாவி இல்லாமல் இன்ஜின் கிளம்பாதபடி மின்னணுப் பூட்டு கட்டாயமானது, அதோடு கார் திருட்டு சரிந்தது. கார் திருட்டு நிறையச் சிறுவர்களுக்கு முதல் படி, அந்தப் படியே இல்லாமல் போனது. பெட்ரோலிலிருந்து ஈயம் நீக்கப்பட்டதால் குழந்தைகளின் மூளைக்கு நேர்ந்த கேடு குறைந்ததும் ஒரு காரணம் என்று சில ஆய்வாளர்கள் சொல்கிறார்கள், எவ்வளவு பங்கு என்பதில் சண்டை ஓயவில்லை.

அப்படியானால் சிறையே வேண்டாம் என்கிறீர்களா?

இல்லை. சில பேரை வெளியே விட்டால் நாளைக்கே இன்னொருவர் சாவார், அவர்களை உள்ளே வைப்பது அரசின் கடமை. உள்ளே இருக்கிறவரைக்கும் வெளியே யாரையும் அடிக்க முடியாது, சிறை தரும் உறுதியான பலன் அது.

ஆனால் அந்தப் பலனுக்குத் தேதி உண்டு. உள்ளே போனவர்களில் பெரும்பாலோர் ஒரு நாள் வெளியே வருவார்கள். இன்னொன்று, குற்றம் வயதோடு சேர்ந்து நகர்கிற விஷயம். பெரும்பாலான நாட்டுக் கணக்குகளில் பதின்ம வயதின் கடைசியிலும் இருபதுகளின் தொடக்கத்திலும் மேலே ஏறி, அப்புறம் இறங்கிக்கொண்டே போகும். பாஸ்டன் பகுதியில் சீர்திருத்தப் பள்ளிக்குப் போன சிறுவர்களை எழுபது வயது வரை பின்தொடர்ந்து பார்த்த ஜான் லாப், ராபர்ட் சாம்ப்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கண்டதும் இதுதான்: ஏறக்குறைய எல்லோருமே ஒரு கட்டத்தில் நிறுத்திவிட்டார்கள். நிலையான வேலையும் நல்ல மண வாழ்க்கையும் அதைச் சீக்கிரம் நிறுத்த உதவின. அதனால் ஐம்பத்தைந்து வயது ஆளை இன்னும் பத்து வருடம் வைத்திருப்பதில் ஊருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு மிகக் கொஞ்சம்.

தண்டனையைக் கடுமையாக்கினால் பயம் வராதா?

மாட்டுவோம் என்ற நிச்சயம்தான் பயத்தைத் தருகிறது, மாட்டினால் எத்தனை வருடம் என்பது அதற்கு அப்புறம்தான். இதை இத்தாலியச் சட்ட அறிஞர் பெக்காரியா 1764-லேயே எழுதிவிட்டார். இருநூற்றைம்பது வருடம் கழித்து, இருக்கிற ஆய்வுகளையெல்லாம் அலசிய குற்றவியல் ஆய்வாளர் டேனியல் நேகினும் அதே இடத்தில்தான் வந்து நின்றார். குடித்துவிட்டுக் கத்தியை எடுக்கிறவன் ஏழு வருடமா பத்து வருடமா என்று கணக்குப் போடுவதில்லை. பத்துத் தடவை திருடி ஒரு தடவைகூட மாட்டாதவனுக்குச் சட்டப் புத்தகத்தில் என்ன எழுதியிருந்தால் என்ன?

வேகமும் முக்கியம். வழக்கு ஆறு வருடம் இழுத்து, அதற்குள் அவன் வேறு ஆளாக மாறிய பிறகு வரும் தீர்ப்பு யாருக்கும் பாடம் ஆவதில்லை, பாதிக்கப்பட்டவருக்கும் நியாயமாகத் தெரிவதில்லை. ஹவாயில் ஸ்டீவன் ஆல்ம் என்ற நீதிபதி 2004-இல் ஒன்று செய்து பார்த்தார். நன்னடத்தைக் கண்காணிப்பில் இருப்பவர் போதைப்பொருள் சோதனையில் தோற்றால் உடனே சில நாள் சிறை, அவ்வளவுதான், ஆனால் தப்பவே முடியாது. அங்கே நல்ல பலன் கிடைத்தது. வேறு மாநிலங்களில் அதே முறையைச் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை, அதனால் ஒரு ஊரில் வேலை செய்ததை அப்படியே எடுத்து இன்னொரு ஊரில் வைத்துவிடலாம் என்று நான் சொல்ல மாட்டேன்.

மத்திய அமெரிக்க நாடான எல் சால்வடோரில் கும்பல்காரர்கள் எல்லோரையும் உள்ளே போட்டதும் கொலை நின்றுவிட்டதே?

கொலைகள் பெரிய அளவில் குறைந்தது உண்மை, அதை மறுக்கக் கூடாது. கும்பல்களுக்குப் பணம் கட்டி வாழ்ந்த மக்கள் நிம்மதியாக மூச்சு விடுகிறார்கள், அந்த நிம்மதியைத் தூரத்திலிருந்து எளிதாகப் பேசிவிட முடியாது. ஆனால் முழுக் கதையையும் பார்க்க வேண்டும். 2015-இல் லட்சம் பேருக்கு நூறுக்கு மேல் இருந்த கொலை விகிதம், கும்பல்களை ஒடுக்க அரசு அவசரநிலை கொண்டுவந்த 2022 மார்ச்சுக்கு முன்பே, 2021-க்குள் இருபதுக்கும் கீழே வந்துவிட்டது. அவசரநிலையில் எழுபத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதானார்கள், வயது வந்தவர்களில் நூற்றுக்கு ஒருவருக்கும் மேல் உள்ளே. அதில் ஆயிரக்கணக்கானவர்களை அரசே பிறகு விடுதலை செய்தது. பச்சை குத்தியிருந்தான், யாரோ பெயர் தெரியாமல் போன் செய்தார்கள் என்பதற்காகவெல்லாம் மாதக்கணக்கில் உள்ளே கிடந்தவரின் வீட்டுக்கு யார் பதில் சொல்வது? இத்தனை பேரை எத்தனை காலம் வைத்திருப்பது, வெளியே வரும்போது என்ன நடக்கும் என்ற கேள்விக்கு அங்கே இன்னும் விடை வரவில்லை.

வெளியே வந்தவர்களில் எத்தனை பேர் மறுபடி குற்றம் செய்கிறார்கள்?

அமெரிக்க மாநிலச் சிறைகளிலிருந்து 2005-இல் விடுதலையானவர்களை அரசே பின்தொடர்ந்து கணக்கெடுத்தது. மூன்று வருடத்துக்குள் 68 சதவீதம் பேர் மறுபடி கைது, ஒன்பது வருடத்துக்குள் 83 சதவீதம். நார்வேயில் இரண்டு வருடத்துக்குள் சுமார் 20 சதவீதம் என்பார்கள். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "பார்த்தீர்களா" என்று பலர் எழுதுகிறார்கள், அது நியாயமான ஒப்பீடு இல்லை. ஒன்று கைது, மற்றொன்று மறுபடி தண்டனை பெற்றது. காலமும் வேறு, சிறைக்குப் போகிற ஆட்களும் வேறு. இடைவெளி உண்மையிலேயே இருக்கிறது, ஆனால் அந்த எண்கள் காட்டும் அளவுக்கு இல்லை.

சிறையே ஒருவரைக் கெடுத்துவிடுகிறது என்கிறார்களே?

குறுகிய காலத் தண்டனைகளில் இது நன்றாகத் தெரிகிறது. இங்கிலாந்தில் ஒரு வருடத்துக்கும் குறைவான தண்டனை முடித்து வருகிறவர்களில் பாதிக்கும் மேல் ஒரு வருடத்துக்குள் மறுபடி குற்றம் செய்கிறார்கள். மூன்று மாதம் என்பது ஒரு ஆளைத் திருத்தப் போதாது, ஆனால் அவன் வேலையைப் பறிக்க, வாடகை வீட்டைக் காலி செய்ய வைக்க, கல்யாணத்தை உடைக்கத் தாராளமாகப் போதும்.

சிறுவர்கள் விஷயத்தில் இன்னும் மோசம். சிகாகோவில் வழக்குகள் நீதிபதிகளுக்கு ஏறக்குறைய குலுக்கல் முறையில் போகும். ஒரே மாதிரி வழக்கில் கடுமையான நீதிபதியிடம் போன பையன் சிறார் சிறைக்குப் போவான், மென்மையானவரிடம் போனவன் வீட்டுக்குப் போவான். அன்னா ஐசர், ஜோசப் டாய்ல் என்ற இருவர் இதை வைத்து ஒப்பிட்டார்கள். உள்ளே போன சிறுவர்கள் பள்ளிப் படிப்பை முடிக்கும் வாய்ப்பு குறைந்தது, பெரியவர்களான பிறகு சிறைக்குப் போகும் வாய்ப்பு கூடியது. பள்ளியில் ஒரு வருடத்தின் நடுவில் காணாமல் போன பையன் திரும்பி வந்து பெஞ்சில் உட்காருவது எவ்வளவு கஷ்டம் என்று எந்த ஆசிரியரையும் கேட்டுப் பாருங்கள்.

அதே குலுக்கல் முறையை வைத்து நார்வேயில் பெரியவர்களை ஆராய்ந்தபோது முடிவு தலைகீழாக வந்தது: சிறைக்குப் போனவர்கள் குறைவாகவே மறுகுற்றம் செய்தார்கள். அதிலும் முன்பு வேலையே இல்லாமல் இருந்தவர்களிடம்தான் அந்தப் பலன் தெரிந்தது, உள்ளே கிடைத்த பயிற்சி அவர்களை வேலைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. சிறைக்குள் பகல் முழுக்க என்ன நடக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம். சிறைக்குள் படித்தவர்களைப் பற்றிய அமெரிக்க ஆய்வுகளைத் தொகுத்து ராண்ட் நிறுவனம் 2013-இல் வெளியிட்ட அறிக்கையும், படித்தவர்கள் திரும்பி வரும் வாய்ப்பு படிக்காதவர்களைவிட 13 சதவீதப் புள்ளிகள் குறைவு என்கிறது.

முன்கூட்டியே தலையிடுவது என்றால் குழந்தைகளைப் பார்த்து "இவன் நாளைக்குத் திருடன்" என்று முத்திரை குத்துவதா?

இந்தப் பயம் சரியான பயம். பிலடெல்பியாவில் 1945-இல் பிறந்த சுமார் பத்தாயிரம் ஆண் பிள்ளைகளின் பதிவுகளை மார்வின் வுல்ஃப்கேங் குழு பார்த்தபோது, அதில் வெறும் 6 சதவீதம் பேர் மொத்தக் குற்றங்களில் பாதிக்கும் மேல் செய்திருந்தது தெரிந்தது. இதைக் கேட்டவுடன் எல்லோருக்கும் வரும் யோசனை, அந்த ஆறு சதவீதம் பேரை மூன்றாம் வகுப்பிலேயே பிடித்துவிடலாமே என்பது. முடியாது. பின்னால் திரும்பிப் பார்க்கும்போதுதான் அவர்கள் யாரென்று தெரியும். முன்னால் பார்த்தால் அதே மாதிரி அடங்காத பையன்கள் இன்னும் நிறையப் பேர் இருப்பார்கள், அவர்களில் பலர் சாதாரணமாக வளர்ந்துவிடுவார்கள்.

அதனால் தனித்தனிப் பிள்ளைகளைப் பொறுக்கி எடுப்பதைவிட, ஒரு வட்டாரத்துக்கோ ஒரு பள்ளி முழுவதற்குமோ உதவியைக் கொடுப்பது நல்லது. நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதற்கும் ஒரு கசப்பான சாட்சி இருக்கிறது. அமெரிக்காவில் கேம்பிரிட்ஜ்–சோமர்வில் என்ற இடங்களில் 1939-இல் தொடங்கிய ஒரு திட்டம், நூற்றுக்கணக்கான சிறுவர்களுக்கு ஆலோசகர்களையும் கோடை முகாம்களையும் கொடுத்தது. முப்பது வருடம் கழித்து ஜோன் மெக்கார்ட் என்ற ஆய்வாளர் அந்தச் சிறுவர்களைத் தேடிப் போய்ப் பார்த்தபோது, உதவி பெற்றவர்களின் நிலை பெறாதவர்களைவிடச் சற்று மோசமாகவே இருந்தது.

எந்த வயதில் தலையிட்டால் பலன்?

சின்ன வயதில் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், அதற்கு ஆதாரமும் இருக்கிறது. மிச்சிகனில் 1962-இல் தொடங்கிய பெர்ரி முன்பள்ளித் திட்டத்தில் 123 ஏழைக் குழந்தைகளை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள், ஒரு குழுவுக்கு மட்டும் நல்ல முன்பள்ளியும் வாராவாரம் ஆசிரியர் வீட்டுக்கு வருவதும். நாற்பது வயதில் பார்த்தபோது ஐந்து தடவையோ அதற்கு மேலோ கைதானவர்கள் மற்றக் குழுவில் 55 சதவீதம், முன்பள்ளிக் குழுவில் 36 சதவீதம். சிறிய ஆய்வு, ஆனால் இவ்வளவு நீண்ட காலம் விடாமல் பார்த்த ஆய்வுகள் குறைவு.

எனக்கு அதைவிடவும் நம்பிக்கை தருவது பதின்ம வயதில் செய்தவை, ஏனென்றால் "ஐந்து வயதைத் தவறவிட்டால் எல்லாம் முடிந்தது" என்ற எண்ணம் நிறையப் பிள்ளைகளைக் கைவிட வைக்கிறது. சிகாகோவில் பள்ளிகளுக்குள்ளேயே வாரம் ஒரு மணி நேரம் நடக்கும் ஒரு குழுப் பயிற்சி இருக்கிறது. முதல் வகுப்புகளில் ஒன்றில் பையன்களை ஜோடியாக நிறுத்தி, ஒருவன் கையில் பந்தைக் கொடுத்து, முப்பது வினாடிக்குள் அதை வாங்கிவிடு என்று மற்றவனிடம் சொல்வார்கள். உடனே இழுபறி, முட்டிமோதல், தரையில் உருளல். முடிந்ததும் நடத்துகிறவர் கேட்பார்: "யாராவது 'பந்தைக் கொடு' என்று கேட்டுப் பார்த்தீர்களா?" கேட்டால் தரமாட்டான், என்னைக் கோழை என்று நினைப்பான் என்பார்கள். அடுத்தவனைத் திரும்பிப் பார்த்தால், "கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன், வெறும் பந்துதானே" என்பான்.

முதலில் தோன்றுவதைச் செய்வதற்கு முன் ஒரு நொடி நிற்கப் பழகுவதுதான் முழுப் பாடமும். சீட்டுக் குலுக்கி எடுத்த இரண்டு பரிசோதனைகளில், பயிற்சி நடந்த காலத்தில் வன்முறைக் குற்றக் கைதுகள் 45 முதல் 50 சதவீதம் குறைந்தன. பயிற்சி முடிந்த பிறகு அந்தப் பலன் தேய்ந்ததும் உண்மை, என்னைப் பொறுத்தவரை அது இன்னும் கொஞ்ச நாள் நடத்துவதற்கான காரணம். அதே ஊரில் 2012-இல் கோடை விடுமுறையில் எட்டு வாரம் சம்பள வேலை கொடுத்துப் பார்த்தார்கள். அடுத்த பதினாறு மாதங்களில் வன்முறைக் கைதுகள் 43 சதவீதம் குறைவு, அதிலும் பெரும்பகுதி வேலை முடிந்த பிறகு. எட்டே வாரம்!

பையன்களை ஒரு நாள் ஜெயிலுக்குக் கூட்டிப்போய்க் காட்டினால் பயந்து திருந்துவார்கள் அல்லவா?

செய்யாதீர்கள். 1970-களில் நியூஜெர்சியின் ராவே சிறையில் இது தொடங்கி உலகம் முழுக்கப் பரவியது, ஆயுள் கைதிகள் சிறுவர்களைச் சுற்றி நின்று கத்தி மிரட்டுவார்கள். முறையாகச் சோதித்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்ததில், அப்படிப் போய் வந்தவர்கள் போகாதவர்களைவிட அதிகமாகக் குற்றம் செய்தார்கள்.

முதல் தடவை சின்னக் குற்றத்தில் மாட்டியவனை விட்டுவிடுவதா?

குற்றவாளிப் பதிவு உருவாகாமல் பார்த்துக்கொள்ளலாம், அது "விட்டுவிடுவது" ஆகாது. பாஸ்டனை உள்ளடக்கிய சஃபோல்க் வட்டாரத்தில், வன்முறை இல்லாத சிறு குற்றங்களில் வழக்கு நடத்துவதா வேண்டாமா என்று இழுபறியாக இருந்த ஆட்களை ஒப்பிட்டார்கள். வழக்கு கைவிடப்பட்டவர்கள் மேல் அடுத்த இரண்டு வருடத்தில் புது வழக்கு வரும் வாய்ப்பு பாதிக்கும் மேல் குறைந்திருந்தது, முதல் தடவை மாட்டியவர்களிடம் இது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. நியூசிலாந்தில் 1989 சட்டத்தின்படி சிறுவரையும் குடும்பத்தையும் பாதிக்கப்பட்டவரையும் ஒரே அறையில் உட்கார வைத்து, என்ன ஈடு செய்வது என்று பேசி முடிவெடுக்கிறார்கள். தான் யார் வீட்டுக் கண்ணாடியை உடைத்தானோ அவர் முகத்துக்கு நேரே உட்காருவது ஒரு சிறுவனுக்குச் சுலபமான காரியம் இல்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2008 வாக்கில் சுமார் மூவாயிரம் சிறுவர்கள் காவலில் இருந்தார்கள், 2022-இல் ஐந்நூறுக்கும் கீழே. ஊர் கவிழ்ந்துவிடவில்லை.

இவ்வளவும் குற்றம் செய்தவனுக்காகத்தானே? பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி யார் பேசுவது?

இந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது, பல நாடுகளில் பாதிக்கப்பட்டவருக்கு வழக்கு என்ன ஆனது என்றுகூட யாரும் சொல்வதில்லை. சிகிச்சைச் செலவு, ஈட்டுத்தொகை, பாதுகாப்பு, தகவல் இதெல்லாம் உரிமையாகக் கிடைக்க வேண்டும், அதில் சமரசம் கூடாது. ஆனால் மறுகுற்றம் ஒவ்வொன்றுக்கும் ஒரு புதிய பாதிக்கப்பட்டவர் இருக்கிறார். இன்னும் நடக்காத அந்தக் குற்றத்தில் அடிபடப்போகிறவருக்காகவும்தான் இதையெல்லாம் கேட்கிறேன். அப்புறம், அடிபடுகிறவரும் அடிக்கிறவரும் பெரும்பாலும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள், பல சமயம் போன வருடம் அடிபட்டவன்தான் இந்த வருடம் அடிக்கிறான். ஸ்காட்லாந்தில் 2005-இல் கிளாஸ்கோ போலீஸ் வன்முறைக் குறைப்புப் பிரிவை ஆரம்பித்தபோது கத்திக்குத்தை ஒரு பொது சுகாதாரப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டார்கள், பின்னாளில் காயத்தோடு ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடப்பவரிடமே போய்ப் பேசினார்கள், பழிவாங்கக் கிளம்புவதற்கு முன்னால். அந்தப் பிரிவு தொடங்கிய பத்து வருடத்தில் ஸ்காட்லாந்தில் கொலைகள் ஏறக்குறைய பாதியாயின.

எங்கள் வீட்டில் ஒருவர் சீக்கிரம் விடுதலையாகிறார். என்ன தயார் செய்ய வேண்டும்?

முதல் இரண்டு வாரம்தான் ஆபத்தான காலம், அதை மனதில் வைத்துத் திட்டமிடுங்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் விடுதலையானவர்களைப் பார்த்த ஓர் ஆய்வில், முதல் இரண்டு வாரத்தில் அவர்கள் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பன்னிரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது, அதில் போதை மருந்தின் அளவு மீறிச் செத்தவர்கள்தான் அதிகம். உள்ளே பல மாதம் எடுக்காமல் இருந்த உடம்பு பழைய அளவைத் தாங்காது. அந்தப் பழக்கம் இருந்தவர் என்றால் வெளியே வரும் முன்பே சிகிச்சைக்கு இடம் பேசி வையுங்கள், ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர் என்றால் கையில் குறைந்தது ஒரு மாதத்துக்கு மருந்தும் சீட்டும் இருக்க வேண்டும்.

அடையாள அட்டை, பிறப்புச் சான்று, படிப்புச் சான்றிதழ், வங்கிக் கணக்கு எல்லாம் உயிரோடு இருக்கின்றனவா என்று இப்போதே பாருங்கள், பல நாடுகளில் அட்டை இல்லாமல் சிம் கார்டுகூட வாங்க முடியாது, வேலைக்கு எங்கே போவது? விடுதலைத் தேதி எந்தக் கிழமை என்று கேளுங்கள். வெள்ளிக்கிழமை மாலை வெளியே வருகிறவருக்குத் திங்கள் வரை எந்த அலுவலகமும் திறந்திருக்காது. இங்கிலாந்தில் இதற்காகவே 2023-இல் ஒரு சட்டம் கொண்டுவந்து, விடுதலையை ஓரிரு நாள் முன்னால் நகர்த்த அனுமதித்தார்கள். உங்கள் நாட்டில் அப்படி வசதி இல்லையென்றால் அந்த மூன்று நாளும் தங்க இடம், சாப்பாடு, கூடவே இருக்க ஒரு ஆள் என்று நீங்களே ஏற்பாடு செய்துவிடுங்கள். வாசலுக்கு யாராவது போய் நில்லுங்கள், நீங்கள் போகாவிட்டால் பழைய கூட்டாளி போய் நிற்பான். நன்னடத்தை அலுவலரிடம் ஆஜராக வேண்டிய தேதிகள் இருந்தால் வீட்டில் இரண்டு பேர் போனில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள், ஒரு தேதியைத் தவறவிட்டதற்காகவே திரும்ப உள்ளே போனவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.